பழைய காரின் டேஷ்போர்டு மீட்டர்களும் வயரிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பெட்ரோல் மீட்டரில் வந்து நிற்கும். "முள் அசையவே மாட்டேங்குது, மீட்டர் போச்சு போல" என்பார்கள். நான் கழற்றிப் பார்த்த வரையில், 'போச்சு' என்று சொல்லப்பட்ட மீட்டர்களில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. கோளாறு எர்த்தில் (கரண்ட் காரின் இரும்பு பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில்) இருந்தது, ஃபியூஸ் பிடிப்பில் இருந்தது, டேங்கில் இருந்தது. அறுபது வயதான ஒரு நல்ல மீட்டரைத் தேவையில்லாமல் பிரித்துக் கெடுப்பதைப் பார்க்க மனசு கேட்காது. அதனால்தான் இந்தத் தொகுப்பு.

கம்ப்யூட்டர் வராத காலத்து வண்டிகளுக்கு, அதாவது சுமார் 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை வந்தவற்றுக்கு, இது பொருந்தும். 12 வோல்ட் என்று வைத்துத்தான் அளவுகளைச் சொல்லியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

எனக்கு எலக்ட்ரிக்கல் சுத்தமா தெரியாது. நானே கை வைக்கலாமா?

வைக்கலாம். 12 வோல்ட் உங்களுக்கு ஷாக் அடிக்காது. இக்னிஷன் காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயர்கள் மட்டும் விதிவிலக்கு, இன்ஜின் ஓடும்போது அவற்றைத் தொடாதீர்கள். ஆனால் அதே 12 வோல்ட் பேட்டரி ஒரு ஸ்பேனரைப் பழுக்கக் காய்ச்சிவிடும், ஒரு வயரை நொடியில் புகைய விட்டுவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும் முன் மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி வையுங்கள். பேட்டரியில் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். எர்த் கழன்றிருந்தால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

தேவைப்படும் சாமான்கள் கொஞ்சம்தான். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், காரின் நீளத்துக்கு ஒரு வயர் (இரண்டு முனையிலும் கிளிப், நடுவில் 5 ஆம்பியர் ஃபியூஸ்), உங்கள் மாடலுக்கான வயரிங் டயகிராம். மல்டிமீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லாம்ப் எதற்கு என்று கேட்பார்கள். பத்து இழை உள்ள வயரில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரண்ட் எடுப்பதே இல்லை. துரு ஏறிய கனெக்‌ஷனிலும் இதே கதைதான். டெஸ்ட் லாம்ப் கொஞ்சம் கரண்ட் இழுக்கும், அதனால் மோசமான இடத்தில் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த மீட்டரெல்லாம் எப்படித்தான் வேலை செய்யுது?

இது புரிந்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்களில் பாதை ஒன்றே: சாவி போட்டதும் ஃபியூஸ் வழியாகக் கரண்ட் மீட்டருக்கு வருகிறது, மீட்டரிலிருந்து ஒரே ஒரு வயர் டேங்குக்கோ இன்ஜினுக்கோ போகிறது, அங்கே இருக்கும் சென்சார் வழியாக எர்த்துக்கு இறங்குகிறது. சென்சார் என்பது தன் ரெசிஸ்டன்ஸை மாற்றிக்கொள்ளும் ஒரு பொருள், அவ்வளவுதான். டேங்கில் மிதவையோடு சேர்ந்த கை நகர்ந்து மாற்றும். இன்ஜினில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும்.

மீட்டர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் உள்ளே இரட்டை உலோகப் பட்டை இருக்கும், அதைச் சுற்றிய கம்பி சூடாகி பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். இது நிதானமாகத்தான் எழும். சாவி போட்டதும் முள் சோம்பலாக மேலே வந்து அரை நிமிடம் போல எடுத்துக்கொண்டால் அது இந்த வகை. இன்னொன்றில் இரண்டு காயில்கள் காந்தப் புலத்தால் முள்ளை இழுக்கும். சாவி போட்டதும் முள் சட்டென்று தாவும். உங்களுடையது எது என்று இப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். கீழே வரும் பல பதில்கள் அதைப் பொறுத்தவை.

சாவி போட்டா எந்த மீட்டருமே அசையல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் செத்தால், அவற்றுக்குப் பொதுவான இடத்தில்தான் கோளாறு. முதலில் ஃபியூஸ். கண்ணால் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லாதீர்கள். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, ஃபியூஸின் இரண்டு முனையையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள், பிறகு ஃபியூஸைப் பிடித்திருக்கும் தகடுகளையும் தொடுங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்து தகட்டில் பச்சைக் களிம்பு ஏறி கரண்ட் போகாமல் நிற்பது மிக சகஜம். பழைய ஜெர்மன் வண்டிகளில் வரும் திறந்த பட்டை ஃபியூஸ்களை விரலால் சும்மா ஒருமுறை சுழற்றினாலே சில நேரம் உயிர் வந்துவிடும். அது தற்காலிகம், சுத்தம் செய்தே ஆகவேண்டும்.

ஃபியூஸ் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், 35 ஆம்பியரில் அது எரிந்து அறும் என்று அர்த்தம். தொடர்ச்சியாக அது தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று கிடைக்கும் பலவற்றில் எழுதியிருப்பது தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு. எண்ணை மட்டும் பார்த்துப் புது 35ஐப் போட்டால், ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

பெட்ரோலும் டெம்பரேச்சரும் ரெண்டுமே சேர்ந்து அதிகமா காட்டுது. ரெண்டு மீட்டரும் ஒரே சமயத்துல கெடுமா?

கெடாது. இது வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசரின் வேலை. இரட்டை உலோகப் பட்டை மீட்டர்கள் சூட்டில் இயங்குவதால், பேட்டரி வோல்ட்டேஜ் ஏறி இறங்கினால் முள்ளும் ஏறி இறங்கும். அதைத் தடுக்க ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவை நடுவில் வைத்தார்கள். ஸ்மித்ஸ் மீட்டர் உள்ள பிரிட்டிஷ் வண்டிகளில் அது சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அமெரிக்க ஃபோர்டு, கிரைஸ்லர் வண்டிகளில் சுமார் 5 வோல்ட். காயில் வகை மீட்டர்களுக்கு இது தேவைப்படாது.

பழைய ஸ்டெபிலைசர் சீரான 10 வோல்ட் கொடுப்பதில்லை. உள்ளே ஒரு காண்டாக்ட் திறந்து மூடி, 12 வோல்ட்டைத் துண்டு துண்டாக விடும். மீட்டர் மெதுவானது என்பதால் சராசரியை மட்டும் உணரும். ஆகவே மல்டிமீட்டர் வைத்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும், அது கோளாறு இல்லை. வெளியே போகும் முனையில் டெஸ்ட் லாம்ப் வைத்தால், கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு எரிய வேண்டும். விடாமல் எரிந்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது, அல்லது ஸ்டெபிலைசருக்கே எர்த் இல்லை. எர்த் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி சூடாகாது, காண்டாக்ட் திறக்காது, முழு பேட்டரி வோல்ட்டேஜும் மீட்டருக்குப் போய் எல்லா முள்ளும் கூடுதலாகக் காட்டும். அந்த டப்பா பெரும்பாலும் திருகு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. திருகைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்டைச் சுரண்டி மறுபடி முடுக்குவதிலேயே இந்தப் புகார் பலமுறை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். டப்பாவில் மேல்பக்கம் என்று குறி இருந்தால் அந்தப்படியே நிற்க வேண்டும்.

பெட்ரோல் மீட்டர் மட்டும் காலியிலேயே நிக்குது. டேங்க் ஃபுல்லா இருக்கு.

டேங்க் யூனிட்டில், அதாவது டேங்கில் மிதவையோடு இருக்கும் சென்சாரில், மீட்டர் வயரைக் கழற்றுங்கள். கழற்றிய வயரில் கிளிப் வயரை முதலில் மாட்டி, பின் சாவியைப் போட்டு, அதன் மறுமுனையை டேங்கின் வாயிலிருந்து தள்ளி ஒரு நல்ல எர்த்தில் தொடுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி கூடாது, அதனால் கடைசியாகத் தொடுவது டேங்கை விட்டு விலகி இருக்கட்டும். முள் முழுசுக்குப் போனால் மீட்டரும் வயரும் நல்லவை. முழுசைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள், நேரம் கடத்தினால் மீட்டர் உள்ளே சூடாகிக் கெடும்.

முள் அசையாவிட்டால் இதே சோதனையை மீட்டரின் பின்பக்க முனையில் செய்யுங்கள். அங்கே ஏறினால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அங்கேயும் ஏறாமல், மீட்டருக்கு வரும் முனையில் மட்டும் கரண்ட் இருந்தால், அப்போதுதான் மீட்டரைச் சந்தேகிக்கலாம்.

மீட்டரும் வயரும் நல்லவை என்று தெரிந்தால், யூனிட்டைக் கழற்றும் முன் அதன் உடம்புக்கும் பாடிக்கும் நடுவே ஒரு வயர் வைத்துப் பாருங்கள். டேங்குக்குப் புது பெயின்ட் அடித்து ரப்பர் வைத்து மாட்டிய வண்டிகளில் டேங்குக்கே எர்த் இருக்காது.

நீங்க சொன்ன மாதிரி எர்த்துல தொட்டேன். முள் ஃபுல்லுக்குப் போகாம காலிக்கு இறங்கிச்சு!

உங்கள் வண்டி ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பமாக இருக்கும். 1960களின் நடுவிலிருந்து அவற்றில் காலி டேங்குக்கு 0 ஓம், முழு டேங்குக்கு 90 ஓம். ஆகவே எர்த்தில் தொட்டால் காலி, வயரைக் கழற்றிவிட்டால் முழுசு. அதாவது மேலே சொன்னதற்கு நேர் எதிர். முள் அசைந்துவிட்டதல்லவா, அதுவே மீட்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

புது டேங்க் யூனிட் வாங்கிப் போட்டேன். அரை டேங்க் இருந்தா கால்னு காட்டுது.

மேலே இருக்கும் பதிலோடு சேர்த்துப் படியுங்கள். அமெரிக்க ஃபோர்டு, கிரைஸ்லரில் காலிக்கு சுமார் 73 ஓம், முழுசுக்கு சுமார் 10 ஓம். பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் வகையில் காலிக்கு 240 பக்கம், முழுசுக்கு 20, 30 பக்கம். ஒன்றின் யூனிட்டும் இன்னொன்றின் மீட்டரும் ஒருநாளும் ஒத்துப்போகாது. போல்ட் துளைகள் பொருந்திவிட்டதாலேயே பாகம் பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

மாட்டும் முன் மிதவைக் கையை மேலும் கீழும் நகர்த்தி ஓம் அளந்து பாருங்கள். எண் நடுவில் தாவாமல் சீராக மாற வேண்டும். பழைய யூனிட்டைத் தூக்கி எறியாதீர்கள். பல நேரம் கெட்டது மிதவை மட்டும்தான்: பித்தளை மிதவையில் மயிரிழை ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் சலசலக்கும். யூனிட்டின் வளையத்தைத் தட்டிக் கழற்றும்போது இரும்பு உளி வேண்டாம், பித்தளைத் துண்டோ மரக்கட்டையோ போதும். திறந்தவெளியில், பேட்டரி கழன்ற நிலையில் செய்யுங்கள்.

டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறுது, ஆனா ரேடியேட்டர் கொதிக்கல. நம்பவா வேண்டாமா?

முதலில் நம்புங்கள், வண்டியை ஓரம் கட்டுங்கள். இன்ஜின் ஆறியபின் சோதிக்கலாம். சென்சார் வயரைக் கழற்றினால் முள் குளிருக்கு இறங்க வேண்டும். இறங்காமல் சிவப்பிலேயே நின்றால் வயர் எங்கோ தோல் உரிந்து எர்த்தைத் தொடுகிறது. இறங்கினால் சென்சாரையும் ஸ்டெபிலைசரையும் பாருங்கள். சென்சாரை வெந்நீரில் வைத்து ஓம் அளந்தால், சூடு ஏற ஏற எண் சீராகக் குறைய வேண்டும். இன்ஜினின் உண்மையான சூட்டைத் தெரிந்துகொள்ள, தெர்மோஸ்டாட் மூடியின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். 82 அல்லது 88 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் அந்தப் பக்கம்தான் எண் நிற்க வேண்டும்.

எதிர்மாறான நிலைதான் ஆபத்தானது. தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் வேகும்போதுகூட முள் குறைவாகக் காட்டலாம்.

சில வண்டிகளில் மீட்டரிலிருந்து வயருக்குப் பதிலாக மெல்லிய செம்புக் குழாய் இன்ஜினுக்குப் போகும். உள்ளே சீக்கிரம் ஆவியாகும் திரவம் அடைத்திருக்கிறார்கள், மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குழாயை மடிக்காதீர்கள், வெட்டாதீர்கள். உடைந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது.

ஆயில் லைட் ஐடிலிங்ல மினுக்குது. ஸ்விட்சா, இன்ஜினா?

ஓடும்போது எரிந்தால் வேறு யோசனையே வேண்டாம், இன்ஜினை நிறுத்துங்கள். மற்ற எல்லா மீட்டரிலும் தவறாக ஊகித்தால் நேரம்தான் வீண். இதில் இன்ஜினே போய்விடும். ஆயில் அளவைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் பிரஷர் மீட்டரை மாட்டி அளந்துவிடுங்கள். லைட் ஸ்விட்ச் பொதுவாக 0.3 முதல் 0.5 பார் அழுத்தத்துக்குக் கீழேதான் எரியும். அழுத்தம் அதற்கு மேல் நன்றாக இருந்தும் எரிந்தால் ஸ்விட்ச் கெட்டது. வயரைக் கழற்றியும் லைட் அணையாவிட்டால் வயர் எர்த் ஆகிறது.

புது சென்சார் போட்டபின் பிரஷர் மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்பவர்களுக்கு: மரையில் வெள்ளை டேப் சுற்றினீர்களா? ஒற்றை வயர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. டேப் அதைத் தடுக்கும்.

ஹெட்லைட் போட்டா பெட்ரோல் முள் நகருது, இண்டிகேட்டர் போட்டா அதோட சேர்ந்து துடிக்குது. பேய் புகுந்த மாதிரி இருக்கு.

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் பார்க்கப் பயங்கரமாகவும் தீர்க்க எளிதாகவும் இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஆடினால் எர்த் கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பியே ஆக வேண்டும். நேர் வழி துருவால் அடைத்திருந்தால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு பல்பின் வழியாக, இன்னொரு மீட்டரின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அதனால்தான் பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைட் எரிவது போன்ற விசித்திரங்கள் எல்லாம்.

சோதிக்க ஓம் அளக்காதீர்கள், வோல்ட் அளங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலேயே வையுங்கள். இன்னொரு முனையை மீட்டர் பேனலின் எர்த்தில், ஹெட்லைட்டின் எர்த்தில், டேங்கின் உடம்பில் என்று ஒவ்வொன்றாக வைத்து, சாமான்களை எல்லாம் ஓட விட்டு அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். திருகைக் கழற்றி, வயர் முனையையும் பாடியையும் உலோகம் மின்னும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு தடித்த பின்னல் பட்டை இருக்கும். ரப்பர் மவுன்டிங்கில் இன்ஜின் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் அதன் எர்த். இன்ஜின் இறக்கி ஏற்றிய வண்டிகளில் அதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுகிறார்கள். எனக்குக் கிடைத்த முதல் வண்டியில் அப்படித்தான். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் கை வைக்க முடியாமல் சுட்டது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் நான் அதை கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சூடானால் உடனே அந்தப் பட்டையைத் தேடுங்கள்.

சார்ஜ் லைட் முழுசா எரியாம லேசா மினுங்குது.

அந்த பல்பின் ஒரு பக்கம் சாவி வழியாக பேட்டரி, இன்னொரு பக்கம் ஆல்டர்னேட்டர். இரண்டும் ஒரே வோல்ட்டேஜில் இருந்தால் அணையும், வித்தியாசம் இருந்தால் அந்த அளவுக்கு மினுங்கும். ஆக, ஆல்டர்னேட்டரின் டயோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) கெட்டிருக்கலாம், அல்லது சாவி சுவிட்சிலோ ஃபியூஸ் பெட்டியிலோ வோல்ட்டேஜ் விழலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது, சாவி சுவிட்ச் பக்கம் தேடுங்கள். ஆல்டர்னேட்டருக்குப் பதிலாகப் பழைய டைனமோ உள்ள வண்டியில் ஐடிலிங்கில் இந்த லைட் எரிவது இயல்பு, வேகம் கொடுத்ததும் அணைந்தால் போதும்.

சாவி போட்டதும் இந்த பல்ப் எரிகிறதா என்றும் பாருங்கள். பல ஆல்டர்னேட்டர்கள் விழித்துக்கொள்ளத் தேவையான முதல் கரண்ட் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. 2.2 வாட் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டால் அந்தக் கரண்ட் போதாமல் சார்ஜே தொடங்காது. மற்ற எந்த இடத்தில் எல்இடி போட்டாலும் இங்கே மட்டும் பழைய பல்பே இருக்கட்டும்.

ஆம்மீட்டர் இருக்கிற வண்டி. அதை எடுத்துடச் சொல்றாங்க, எடுக்கணுமா?

வண்டியின் ஸ்டார்ட்டர் தவிர்த்த கரண்ட் முழுக்க அந்த மீட்டர் வழியாகப் போய் வருகிறது, பெரும்பாலும் ஃபியூஸ் இல்லாமல். பின்னால் இருக்கும் நட்டு தளர்ந்தால் அங்கே சூடேறும், டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும். பழைய டைனமோவே இருக்கும் வண்டியில், வருடம் ஒருமுறை நட்டுகளை முடுக்கி, முனைகள் கருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம். 30 ஆம்பியர் மீட்டரோடு 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தால் எடுத்துவிடுவதுதான் சரி. இரண்டு வயர்களையும் நல்ல போல்ட்டால் இணைத்து நன்றாக இன்சுலேட் செய்து, அதன் இடத்தில் வோல்ட் மீட்டர் வையுங்கள். நின்ற வண்டியில் 12.6, ஓடும்போது முந்தைய பதிலில் சொன்ன அளவு.

ஸ்பீடோமீட்டர் முள் ஆடிக்கிட்டே இருக்கு. வயர் லூஸா?

வயரே கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழல்கிறது, அது மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் பக்கத்தில் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கிறது, ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்துகிறது. முள் ஆடினால் கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. உள் கேபிளை உருவித் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவுக்கு கிரீஸ் வேண்டாம், அது மேலே ஏறி மீட்டருக்குள் போய்விடும். வளைவுகள் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கிலோமீட்டர் எண் ஓடி முள் மட்டும் நின்றால் மீட்டரில் கோளாறு. இரண்டும் நின்றால் கேபிள், இல்லையென்றால் கியர்பாக்ஸ் பக்கப் பல். வேகம் எப்போதும் ஒரே விகிதத்தில் தப்பாக இருந்தால் டயர் அளவோ பின் ஆக்ஸில் விகிதமோ மாறியிருக்கும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதிலிருந்து ஆர்பிஎம் மீட்டர் வேலை செய்யல.

1960களின் பல பிரிட்டிஷ் வண்டிகளில் ஆர்பிஎம் மீட்டர், காயிலுக்குப் போகும் கரண்ட் துடிப்பை எண்ணுகிறது. வெள்ளை வயர் மீட்டரின் பின்னால் ஒரு வளையமாகச் சுற்றிப் போவது தெரியும். புது இக்னிஷனின் துடிப்பு வடிவம் அதற்குப் பிடிபடாமல் போகலாம். இக்னிஷன் யூனிட்டுக்கான கரண்ட்டை அந்த வளையத்துக்கு முன்னாலேயே தனியாக எடுத்து, காயிலின் கரண்ட் மட்டும் வளையம் வழியாகப் போகும்படி செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மீட்டரின் உள் சர்க்யூட்டை வோல்ட்டேஜ் துடிப்பு வகையாக மாற்ற வேண்டும். அது தெரிந்தவர் கையில் விட வேண்டிய வேலை. ஓடுகிறது, ஆனால் ஒன்றரை மடங்கு காட்டுகிறது என்றால், நாலு சிலிண்டருக்கான மீட்டர் ஆறு சிலிண்டர் வண்டியில் இருக்கிறது.

வயர் கலரை வெச்சு எது எதுன்னு சொல்ல முடியுமா?

நாட்டைக் கேட்காமல் சொல்ல முடியாது. லூகாஸ் என்ற மின்பாகக் கம்பெனியின் கலர் முறையைப் பின்பற்றிய பிரிட்டிஷ் வண்டிகளில் பிரவுன் என்றால் ஃபியூஸ் இல்லாத நேரடி பேட்டரி. கருப்பு எர்த். வெள்ளை சாவி வழி, பச்சை சாவியும் ஃபியூஸும் தாண்டியது, ஊதா எப்போதும் உயிருள்ள ஃபியூஸ் வழி, சிவப்பு பார்க்கிங் லைட். பச்சையில் கருப்புக் கோடு டேங்குக்கு, பச்சையில் நீலக் கோடு டெம்பரேச்சருக்கு. ஜெர்மன் வண்டியிலோ பிரவுன்தான் எர்த். ஒன்றின் பழக்கத்தில் இன்னொன்றில் கை வைத்தால் பேட்டரியை நேராக ஷார்ட் செய்வீர்கள். ஜெர்மன் வண்டிகளில் கலரைவிட எண்ணை நம்புங்கள்: 30 பேட்டரி, 15 சாவி, 31 எர்த்.

இவ்வளவும் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது. நடுவில் எத்தனை கைகள் எந்த வயரைப் போட்டனவோ, டெஸ்ட் லாம்ப் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

என் வண்டி பாசிட்டிவ் எர்த். நீங்க சொன்னதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். பாசிட்டிவ் எர்த் என்றால் பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கிறது, அவ்வளவுதான். இரட்டை உலோகப் பட்டை மீட்டருக்குத் திசை கிடையாது. எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர், எல்இடி, ஆர்பிஎம் மீட்டர், ரேடியோ, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றுக்கு உண்டு, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

மீட்டர் லைட் ரொம்ப மங்கல். எல்இடி போடலாமா?

முதலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள், அதன் கம்பிச் சுருள்தான் களிம்பு ஏறிக் கிடக்கும். அப்புறம் பல்ப் ஹோல்டர்கள், பேனலின் எர்த். பிளாஸ்டிக் தகட்டில் செம்புப் பாதை ஒட்டிய பேனலானால் உப்புத்தாள் போடாதீர்கள், பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போதும்.

எல்இடி போடலாம், சுவிட்சால் மங்கலாக்க முடியாமல் போகலாம். இண்டிகேட்டருக்கு ஒரே பல்ப் உள்ள வண்டியில், கரண்ட் இடப்பக்கம் திரும்பினால் ஒரு திசையிலும் வலப்பக்கம் திரும்பினால் எதிர்த் திசையிலும் போகும். எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எரியும். சார்ஜ் லைட் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

பழைய டயல் முன்னாடி இருட்டுல ஒளிருமாம், இப்ப இல்ல. நானே புதுசா பெயின்ட் அடிக்கலாமா?

தயவுசெய்து சுரண்டாதீர்கள். 1960களுக்கு முந்தைய சில டயல்களில் ரேடியம் கலந்த பெயின்ட் இருக்கிறது. ஒளி மங்கியது, கூடக் கலந்த ஒளிரும் பொருள் தேய்ந்துபோனதால். ரேடியத்தின் பாதியளவு தீர சுமார் 1600 வருடம் ஆகும், அதனால் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிய கவலை இல்லை. உதிரும் தூளை மூச்சில் இழுப்பதுதான் கேடு. திறந்தே ஆகவேண்டுமானால் அதற்கான வசதி உள்ளவரிடம் கொடுங்கள்.

ராத்திரி நிறுத்தினா காலையில பேட்டரி காலி. எதையும் ஆன் பண்ணி வைக்கல.

எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் அணைகிறதோ அந்தப் பாதையில்தான் கள்ளன். எரியாவிட்டால் லாம்பின் இடத்தில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வையுங்கள், அந்த நேரத்தில் செல்ஃப் அடிக்காதீர்கள். கடிகாரம் மட்டும் உள்ள பழைய வண்டியில் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டக் காரணமே இல்லை. ஒரு ஆம்பியர் கசிந்தால் 40 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாளுக்குள் தீர்ந்துவிடும். எல்லா ஃபியூஸும் எடுத்தபின்னும் கசிந்தால் ஆல்டர்னேட்டரின் வயரைக் கழற்றிப் பாருங்கள், கசிவு நின்றால் அதன் டயோடு கெட்டிருக்கும்.

மொத்த வயரிங்கையும் மாத்திடலாமா? நிம்மதியா இருக்கும்ல?

துணி சுற்றிய வயரின் ரப்பர் தொட்டாலே உதிர்கிறது என்றால் மாற்றுங்கள், அதில் தயக்கம் வேண்டாம். பிவிசி வயர் வளைத்தால் வெடிக்காமல் இருந்தால் அது இன்னும் பல வருடம் வரும். கெடுவது பெரும்பாலும் முனைகளில்தான். ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க முடியாமல் மொத்தத்தையும் மாற்றுபவர்கள், பழைய எர்த் புள்ளியிலேயே புது வயரை மாட்டி அதே கோளாறோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

சில நாள் நல்லா இருக்கு, சில நாள் இல்ல. ஆள்கிட்ட கொண்டு போனா சரியா வேலை செய்யுது. என்ன பண்றது?

ஒரு நோட்டு வையுங்கள். எப்போது போனது, ஓடத் தொடங்கி எத்தனை நிமிடம், லைட் எரிந்ததா, மழையா, குழியில் இறங்கியதா, எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று எழுதுங்கள். பத்து தடவைக்குள் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். குழியில் என்றால் தளர்ந்த இணைப்பு. வலது திருப்பத்தில் என்றால் ஸ்டியரிங்கோடு அசையும் வயர். மழை என்றால் உரிந்த வயர். பிறகு டெஸ்ட் லாம்பை அந்தப் பாதையில் மாட்டிவிட்டு, வயர்க்கட்டை ஒரு முனையிலிருந்து ஒரு கையளவாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போங்கள், விளக்கைப் பார்க்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நண்பரின் காரில் அரை மணி நேரம் ஓடியபின் மட்டும் எல்லா மீட்டரும் இறங்கிவிடும், பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிவிடும். ஸ்டெபிலைசரை இரண்டு முறை மாற்றியிருந்தார். நோட்டில் எழுதச் சொன்னோம், எழுதியதில் இரவில்தான் அது நடந்தது என்று தெரிந்தது. ஹெட்லைட் கரண்ட் ஓட ஓட ஃபியூஸ் பெட்டியின் பின்பக்கம் ஒரு ரிவெட் சூடாகி விரிந்து, பக்கத்துப் பாதையின் இணைப்பையும் சேர்த்துத் தளர்த்திவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. லைட்டை எரியவிட்டு ஃபியூஸ் பெட்டிக்குக் குறுக்கே வோல்ட் அளந்தபோது, முதலில் 0.2, இருபது நிமிடத்தில் 1.6. ரிவெட்டைச் சுத்தம் செய்து சால்டர் வைத்தார், பழைய ஸ்டெபிலைசரையே திரும்ப மாட்டினார்.